12 டன்னுக்குப் பத்து கிலோ கம்மி: விநியோக வேலைக்கு நடுத்தர லாரியை எடை போடுவது எப்படி

கோவையில் விடிகாலை லோடு ஏற்றி, அவிநாசி, பெருந்துறை, ஈரோடு, சங்ககிரி, சேலம் என்று பத்துப் பன்னிரண்டு கடைகளில் இறக்கிவிட்டு இரவே குடோனுக்குத் திரும்பும் வண்டியின் வேலை வேறு. நாமக்கல்லில் கிளம்பி மூன்றாம் நாள் நாக்பூரில் தார்ப்பாய் அவிழ்க்கும் வண்டியின் வேலை வேறு. ஷோரூமில் இரண்டுக்கும் ஒரே பேச்சுதான் ஓடுகிறது: எத்தனை எச்.பி., எத்தனை மைலேஜ், எவ்வளவு தள்ளுபடி. விநியோக வண்டிக்கு இந்த மூன்றையும் கடைசியில் கேட்டால் போதும். பாடி கட்டிய பிறகு சட்டப்படி எத்தனை கிலோ ஏற்றலாம், பாதி லோடு இறங்கிய பிறகு வண்டி எப்படி நடந்துகொள்கிறது, நாள் முழுக்க நின்று நின்று ஓடும்போது எது முதலில் தேய்கிறது ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது வண்டி, பாடி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 11,990 கிலோ மொத்த எடையுள்ள ஆறு சக்கர வண்டி. அசோக் லேலண்ட் ஈகோமெட், ஐஷர் ப்ரோ, டாடா அல்ட்ரா, பாரத்பென்ஸ் என்று எல்லோருமே இந்த அளவை ஒட்டி வண்டி வைத்திருக்கிறார்கள். ஒரே பெயரில் பல சேஸிஸ் (பாடி கட்டாத அடிச்சட்டம்) நீளம், பல எடை வகை இருப்பதால், பெயரை நம்பி விலை பேசாமல் விலைப்பட்டியலில் எழுதியிருக்கும் மொத்த எடையைப் பார்த்துப் பேசுங்கள்.

அந்தப் பத்து கிலோ

11,990 என்பது தற்செயலான எண் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் 12,000 கிலோவைத் தாண்டினால் கனரக சரக்கு வாகனம். 7,500 வரை இலகு ரகம், இடையில் இருப்பது நடுத்தரம். அதைவிட முக்கியம் டோல். 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 7,500-க்கு மேல், 12,000-க்குக் கீழ் உள்ள வண்டி இலகு வணிக வாகனம். அதற்கு மேல் 20,000-க்குள் இருப்பது லாரி, பஸ். அந்த விதிகளில் போட்ட அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்கு முதல் வகைக்கு 1.05 ரூபாய், இரண்டாம் வகைக்கு 2.20 ரூபாய். ஆண்டுதோறும் தொகை ஏறினாலும் அந்த விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் நிற்கிறது. கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று மூன்று சாவடிகளைப் போக வர தினமும் கடக்கும் வண்டிக்கு, 13 டன் சேஸிஸ் வாங்கினால் ஒவ்வொரு சாவடியிலும் இரண்டு மடங்குக்கு மேல் கழியும். கூடுதலாகக் கிடைக்கும் ஒரு டன்னில் அந்தக் காசு திரும்பி வருகிறதா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் பெரிய வண்டிக்குப் போக வேண்டும். தினமும் லோடு முழுக்க நிறைந்தால் வரும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நிறைந்தால் வராது.

ஃபாஸ்டேக் ஒட்டும்போது ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைப் பார்த்துத்தான் வகை பதிய வேண்டும். ஆறு சக்கரத்தைப் பார்த்ததும் இரண்டு அச்சு லாரி என்று பதிந்துவிட்டால் மாதக்கணக்கில் கூடுதலாகக் கழிந்துகொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். முதல் டிரிப் முடிந்ததும் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் கழிந்த தொகையைச் சாவடிப் பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓட்டுநர் உரிமமும் இங்கேதான் மாறுகிறது. இலகு ரக உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை சரக்கு வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிசெய்தது. அது இந்த வண்டிக்குப் பொருந்தாது. சின்ன வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரை அப்படியே இதில் ஏற்றிவிட்டால், விபத்து நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்த உரிமத்தைத்தான்.

ஏற்றக்கூடிய எடை: எடைமேடைக் கணக்கு

விற்பனையாளர் ஏழு, ஏழரை டன் தாங்கும் என்பார். அது சேஸிஸ் கணக்கு. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கேபினோடு சேஸிஸ் 4,000 கிலோ. 20 அடி இரும்புக் கன்டெய்னர் பாடி 1,500. ஓட்டுநர், லோடுமேன் இருவர் சேர்த்து 225. 150 லிட்டர் டீசல் 125. கயிறு, ஜாக்கி, தள்ளுவண்டி, டெஃப் (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல்) கேன் எல்லாம் 100. மொத்தம் 5,950. மிச்சம் 6,040 கிலோ. ஆக, கையில் இருப்பது ஆறு டன். 50 கிலோ சிமென்ட் என்றால் 120 மூட்டை, 25 கிலோ அரிசி என்றால் 240 மூட்டை. ஏழரை டன்னுக்கு ஆர்டர் பிடித்துவிட்டு இந்த வண்டியை வாங்குபவர் தினமும் ஒன்றரை டன் ஓவர்லோடில்தான் ஓட வேண்டியிருக்கும். சட்டத்தின் 194-ஆவது பிரிவில் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் போட்டிருக்கிறார்கள். அபராதத்தைவிடப் பெரிய இழப்பு பட்டாவும் (அச்சின் மேல் இருக்கும் ஸ்பிரிங் தகடுகள்) டயரும். அவை தினம் தினம் தேயும்.

இந்தக் கணக்கில் உங்கள் கையில் இருப்பது பாடி எடை ஒன்றுதான். சேஸிஸைப் பாடி பட்டறைக்கு விடும் முன் டீசல் நிரப்பி ஒருமுறை எடை போட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாடி முடிந்ததும் அதே எடைமேடையில் இன்னொரு முறை. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகள் வேலையில் கெட்டி, ஆனால் நீண்டதூர லாரிக்குக் கட்டிப் பழகிய கை, சொல்லாவிட்டால் கனமாகத்தான் கட்டும். 20 அடி நீளம், ஏழரை அடி அகலத் தளத்தில் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய 109 கிலோ கூடுகிறது. இரண்டு மூட்டை சிமென்ட் அங்கேயே போயிற்று. அதற்காகத் தளத்தை மெலிதாக்கக் கூடாது. தள்ளுவண்டிச் சக்கரம் ஓடும் நடுப்பாதையில் சொரசொரப்புத் தகடு 3 மில்லிமீட்டரில் இருக்கட்டும். பக்கச் சுவரிலும் கூரையிலும் குறைக்கச் சொல்லுங்கள்.

எந்த நீளம் வேண்டும் என்பதைச் சரக்குதான் முடிவு செய்ய வேண்டும். 20 அடி பாடிக்குள் உயரமும் அகலமும் 2.2 மீட்டர் என்று வைத்தால் கொள்ளளவு 29.5 கனமீட்டர். ஆறு டன்னை அதில் பரப்பினால் கனமீட்டருக்கு 200 கிலோ. பிஸ்கட், சிப்ஸ், தெர்மாகோல் கட்டிய மின்சாதனம் போன்றவை இதைவிட லேசு. எடை நிறையும் முன்பே இடம் நிறைந்துவிடும், இவற்றை ஏற்றுபவர்கள் நீளமான சேஸிஸ் எடுப்பது சரி. எண்ணெய் டின், அரிசி, டைல்ஸ், சோப்பு ஏற்றுபவர்களுக்கு 17 அடியே போதும். நீளமான பாடி வாங்கினால் காலி இடத்தைப் பார்த்து லோடுமேன் ஏற்றிக்கொண்டே போவார்.

பாதி லோடு இறங்கியதும் முன்பக்கம் கனக்கும்

இதைப் பலரும் நம்ப மாட்டார்கள். சக்கர இடைவெளி 4,900 மில்லிமீட்டர் உள்ள சேஸிஸில், 20 அடி பாடியின் மையம் பின் அச்சுக்கு 600 மில்லிமீட்டர் முன்னால் விழுகிறது என்று வையுங்கள். ஆறு டன்னைச் சமமாகப் பரப்பினால் முன் அச்சுக்குப் போவது 6,000 × 600 ÷ 4,900, அதாவது சுமார் 735 கிலோ. மீதி பின் அச்சில். கடைக்காரர்களுக்குப் பின்கதவு வழியாக இறக்கிக்கொண்டே போய், பின்பாதி காலியாகி முன்பாதியில் மூன்று டன் மட்டும் நிற்கிறது. இப்போது சரக்கின் மையம் 2,125 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது. 3,000 × 2,125 ÷ 4,900 என்றால் சுமார் 1,300 கிலோ. சரக்கு பாதியாகக் குறைந்தும் முன் அச்சில் 565 கிலோ கூடிவிட்டது.

விளைவு மூன்று. முன் டயர் தோள்பக்கம் வேகமாகத் தேயும். ஸ்டீயரிங் கனமாகித் திரும்பும். லேசாகிப் போன பின் சக்கரம், மழையில் பிரேக் மிதித்தால் பூட்டிக்கொண்டு இழுக்கும். அலைன்மென்ட் சரியில்லை என்று மாதம் ஒருமுறை பட்டறைக்கு விடுபவர்கள் பலர், உண்மையில் லோடு வரிசையைத்தான் சரிசெய்ய வேண்டும். இதற்கு இரண்டு வழி. பாடியின் இடது பக்கத்தில், முன்சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி ஒரு பக்கக் கதவு வைத்துவிட்டால் முன்பாதியிலிருந்தும் இறக்கலாம். பாதி வழியில் கனமான சரக்கை நடுவுக்கு நகர்த்தி வைப்பது இன்னொரு வழி. பக்கக் கதவுக்கு ஆகும் காசு ஒரு ஜோடி முன் டயருக்குள் அடங்கிவிடும். பாடியைப் பின்னால் நீட்டியும் இதைச் சரிசெய்யலாம் என்று சொல்வார்கள். பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி சக்கர இடைவெளியின் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கு முன்பே சேஸிஸ் வால் ஆடத் தொடங்கிவிடும்.

எஞ்சினும் கியரும்

லேலண்டின் எச் வரிசையும் ஐஷரின் இ494-உம் நான்கு சிலிண்டர், 3.8 லிட்டர். முன்னது 150 எச்.பி., இழுவை (டார்க்) 450 நியூட்டன் மீட்டர். பின்னது 160-உம் 500-உம். பாரத்பென்ஸில் வரும் 4டி34ஐ 3,907 சி.சி., 170 எச்.பி., 520 நியூட்டன் மீட்டர். டாடாவின் 3.3 லிட்டர் அளவில் சின்னது. 12 டன்னுக்குப் பிரித்துப் பார்த்தால் டன்னுக்கு 37-இலிருந்து 43 நியூட்டன் மீட்டர். சமவெளியில், 80 கிலோமீட்டரில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பிடித்து நிறுத்தும் ரோட்டில், இந்த வித்தியாசம் நேரத்தில் தெரியாது. குன்னூர் மலைக்கோ, 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பத்துக்கோ வாரம் மூன்று டிரிப் போகிறவருக்குத் தெரியும்.

எச்.பி.யைவிடக் கிரவுன் விகிதம் (டயர் ஒரு சுற்று சுற்றப் பின் அச்சுக்கு வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) முக்கியம். சோதிப்பது சுலபம். லோடு வண்டியின் பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு. வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, டயர்க்கோடு மறுபடி தரையைத் தொடும் இடம் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். 8.25 ஆர் 16 டயரில் 2.6 மீட்டரை ஒட்டி வரும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். டயர் 385 சுற்று. கிரவுன் 4.5, டாப் கியர் 0.75 என்றால் எஞ்சின் 1,300 சுற்றில் ஓடும். 80-இல் 1,730. இதுதான் டீசல் குடிக்காத இடம். அதே வண்டியில் கிரவுன் 5-க்கு மேல் இருந்தால் ஏற்றத்தில் சுகமாக இருக்கும், ஆனால் பைபாஸில் நாள் முழுக்க எஞ்சின் கத்திக்கொண்டிருக்கும். கிலோமீட்டரில் முக்கால் பங்கு நான்கு வழிச்சாலை என்றால் சின்ன எண், மலையும் ஊருக்குள் சந்தும் என்றால் பெரிய எண். ஆர்டர் படிவத்தில் இதைக் குறிப்பிட்டு எழுதாவிட்டால் டீலரின் யார்டில் எது நிற்கிறதோ அதுதான் வரும்.

விநியோக வேலையில் முதலில் போவது கிளட்ச். ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது முறை நின்று கிளம்பும் வண்டி அது. முழு லோடில் இரண்டாம் கியரில் கிளம்பும் பழக்கம், ரயில்வே சுரங்கப்பாலத்து ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கிளட்சிலேயே பிடித்து நிற்பது, இந்த இரண்டும் பிளேட்டைத் தின்றுவிடும். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது முழு லோடில் அப்படி ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, முதல் கியரில், ஆக்சிலேட்டர் அதிகம் கொடுக்காமல் மூன்று முறை கிளப்பிப் பாருங்கள். மூன்றாம் முறை கருகிய வாடை வந்தால், அந்தக் கியர் விகிதம் உங்கள் பாதைக்கு ஒத்துவராது.

சைலன்சருக்குள் இருக்கும் சிக்கல்

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, இந்த வண்டிகளில் எஞ்சினைவிடப் புகை சுத்திகரிப்பு அமைப்பைத்தான் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. விநியோக ஓட்டத்துக்கு அது ஜென்ம விரோதி. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, டி.பி.எஃப்., சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் புகை சூடாக இருக்க வேண்டும். வண்டி ஒரே சீராக அரை மணி நேரமாவது ஓட வேண்டும். கடைவாசலில் ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும், ஐந்து கிலோமீட்டர் ஓடி நிற்பதுமாக இருந்தால் கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். கேபினில் ஏ.சி. 2025 முதல் கட்டாயம் என்பதால் இந்தச் சும்மா ஓடும் நேரம் இனிமேல் கூடத்தான் செய்யும்.

அறிகுறி இப்படி வரிசையாக வரும். முதலில் டேஷ்போர்டில் வடிகட்டி விளக்கு நின்று எரியும். அப்போதே பைபாஸில் ஏற்றி, ஒரு கியர் குறைத்து, அரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் விளக்கு சிமிட்டும். அப்போது நிறுத்தி வைத்து எரிக்கும் சுவிட்சைப் போட வேண்டும்: நியூட்ரல், பார்க்கிங் பிரேக், எஞ்சின் தானாகச் சுற்றைக் கூட்டிக்கொண்டு 20 முதல் 40 நிமிடம் ஓடும். சைலன்சர் வாயில் கொதிக்கும் சூடு. காய்ந்த புல், வைக்கோல், அட்டைப்பெட்டி, தொங்கும் தார்ப்பாய் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பாதியில் சாவியைத் திருப்பி அணைப்பதுதான் பெரிய தவறு. டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். அதையும் விட்டுவிட்டால் எஞ்சின் விளக்கு வந்து இழுவை குறையும், பிறகு கம்பெனி சர்வீஸில் லேப்டாப் மாட்டாமல் எதுவும் நடக்காது. பாதை முழுக்க ஊருக்குள் என்றால், வாரம் ஒருமுறை சனிக்கிழமை காலி வண்டியாகத் திரும்பும் டிரிப்பை நேராகப் பைபாஸில் விடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டெஃப் என்னும் யூரியாக் கரைசல் டீசலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு செலவாகும். 32.5 சதவீத யூரியா, மீதி தாதுநீக்கிய தண்ணீர், ஐ.எஸ்.ஓ. 22241 தரம். உர மூட்டையைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் இருக்கும் உப்பும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் தெளிப்பானை அடைத்து, வினையூக்கியையே நாசம் செய்துவிடும். செலவு ஆயிரத்தில் நிற்காது, லட்சத்துக்குப் போகும். நல்ல டெஃப் ஊற்றியும் தெளிப்பான் முனையில் வெள்ளைப் படிகம் பூப்பது உண்டு. ஈரத்துணியால் துடைத்தால் கரைந்துவிடும். நீல மூடிக்குள் யாராவது டீசலை ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ஆன் செய்தால் பம்ப் இழுத்து எல்லாக் குழாய்க்கும் அனுப்பிவிடும். அணைத்த நிலையிலேயே டேங்கைக் கழற்றிக் கழுவினால் தப்பலாம். ஆயில் மாற்றும்போது சி.கே.-4 தரத்தில் சாம்பல் குறைந்த ஆயில்தான். பழைய வண்டிக்கு வாங்கிய டிரம்மில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றினால், அந்தச் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். எரித்தாலும் போகாது.

பிரேக், டயர்

16 அங்குலச் சக்கரம் தளத்தைத் தாழ்த்தும். தலைச்சுமையாக இறக்கும் லோடுமேனுக்கு நான்கைந்து அங்குலம் பெரிய விஷயம். ஆனால் ரிம் சின்னது என்பதால் உள்ளே இருக்கும் பிரேக் டிரம்மும் சின்னது, சூடு தாங்கும் அளவும் குறைவு. சமவெளி விநியோகத்துக்கு 16, மலைக்கு 20 என்பதே எங்கள் முடிவு. மலையில் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கி எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு வைத்தால் லைனிங் இரண்டு மடங்கு உழைக்கும். திம்பம் வழி சரக்கு வண்டிக்கு இரவில் அடைப்பு. மாலை நேரத்துக்குள் தாண்டிவிட வேண்டும் என்று அவசரமாக இறங்குகிற வண்டிகளில்தான் டிரம் நீலம் பாய்ந்து நிற்கும்.

ஏர் பிரேக்கைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். காற்று முழுவதையும் வெளியேற்றி, ஸ்டார்ட் செய்து, கட்டுப்பாட்டு வால்வு ‘புஸ்’ என்று விடும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துப் பிரேக்கை மிதித்துப் பிடித்து மூன்று நிமிடம் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கசிகிறது. ஊருக்குள் அடிக்கடி மிதிக்கும் வண்டிக்குக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், டேங்கில் தண்ணீர் சேரும். தினமும் காலையில் வடிகால் வளையத்தை இழுத்துவிட வேண்டும். காபிப்பொடி நிறத்தில் எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்கிறது, ஏர் டிரையர் வடிகட்டியும் முடிந்துபோயிற்று.

கேபினும் சந்தும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ, கோவை ரங்கே கவுடர் வீதியிலோ, மதுரை கீழமாசி வீதியிலோ இந்த வண்டியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 4,900 சேஸிஸ் நுழையாத மூலையில் 3,900 சேஸிஸ் ஒரே வெட்டில் திரும்பும். ஒவ்வொரு கடையிலும் இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்தால், பன்னிரண்டு கடையில் அரை மணி நேரம் போய்விடும். படி உயரத்தையும் பாருங்கள். ஓட்டுநர் பில்லோடு ஒரு நாளில் முப்பது முறை இறங்கி ஏறுவார். முதல் படி முட்டிக்கு மேல் இருந்தால் மாலையில் குதித்துத்தான் இறங்குவார், கணுக்கால் போகும். இடதுபுறம் கீழே நிற்கும் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரிகிறதா என்று ஓர் ஆளை நிற்கவைத்துச் சோதியுங்கள்.

பாடி பட்டறையில் கவனிக்க வேண்டியது ஒன்று. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இரண்டு முனையையும், எஞ்சின் கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றாமல் வெல்டிங் வைத்த வண்டியில் காரணமே தெரியாமல் சென்சார் விளக்குகள் வந்து வந்து போகும். சேஸிஸ் ஃபிரேமின் மேல் விளிம்பில் துளையோ வெல்டோ கூடாது, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். பாடியும் ஃபிரேமும் நேரடியாக உரசாமல் இடையில் ரப்பர் பட்டை.

காசும் முடிவும்

மாதம் 5,000 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைப்போம். லிட்டருக்கு 6.5 கிடைத்தால் 769 லிட்டர், 7 கிடைத்தால் 714. வித்தியாசம் 55 லிட்டர், 5,000 ரூபாய் சொச்சம். அரை கிலோமீட்டர் மைலேஜுக்காகச் சண்டை போடும் முன், டயர் காற்றும் சும்மா எஞ்சின் ஓடும் நேரமும் அதைவிட அதிகமாகத் தின்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் தின்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால், அதற்கு முன் எடுத்த வண்டியைப் பழைய விலையை வைத்துப் பேசி விற்பவரிடம் ஏமாற வேண்டாம்.

கோவை–சேலம் போன்ற சமவெளி ஓட்டத்துக்கு எங்கள் தேர்வு 3.8 லிட்டர் வண்டிகள்தான். அவற்றில், ஒரு நாள் வண்டி நின்றாலும் பத்துக் கடைக்குப் பதில் சொல்ல வேண்டிய தொழிலுக்கு லேலண்ட் ஒரு படி முன்னால் நிற்கிறது. எண்ணூரிலும் ஓசூரிலும் ஆலை இருக்கிற கம்பெனி என்பதால் தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பட்டறையிலும் அதில் பழகிய கை உண்டு. இழுவைக்கு ஐஷர். வாரம் பாதி மலை என்றால் ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸின் இழுவையும் கேபினும் விலைக்குத் தகுந்தவைதான். ஆனால் கம்பெனி சர்வீஸ் உங்கள் பாதையில் 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது டி.பி.எஃப். சுத்தம், நாக்ஸ் சென்சார் (புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது), டெஃப் பம்ப் மூன்றும் அதற்குள் வருகின்றனவா என்று எழுத்தில் வாங்குங்கள். கிளட்ச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும் எப்போதும் வெளியேதான் இருக்கும்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் டெமோ வண்டியை ஷோரூம் வாசலில் சுற்றித் திரும்பாமல், ஒரு முழு நாள், உங்கள் சரக்கோடு, உங்கள் பாதையில், உங்கள் ஓட்டுநரிடம் கொடுங்கள். டேங்கை நிரப்பித் தொடங்கி, அதே பெட்ரோல் பங்கில் நிரப்பி முடியுங்கள். பாதி லோடு இறங்கிய இடத்தில் முன் அச்சை மட்டும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள். புது வண்டி கையில் வந்த பிறகு முதல் 1,000 கிலோமீட்டரில் பட்டா யூ போல்ட்டையும் பாடி போல்ட்டையும் லோடு நிற்கும்போதே முறுக்க வேண்டும். காலி வண்டியில் முறுக்கினால் முதல் லோடிலேயே தளர்ந்துவிடும்.